பாட்டின் மெய்ப்பாடு: நந்தன் சரித்திரமும் கேட்போர் உள்ளமும்

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வசித்துவந்த காலத்தில், கோபாலகிருஷ்ண பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் பெற விரும்பி அவரைப் பன்முறை நாடிச் சென்றதும், பிள்ளையவர்கள் அதனைக் கொடுக்க மனம் வராமல் நாட்களைக் கடத்தியதும், இருவரையும் நேரில் அறிந்த உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ள வரலாற்றினால் நமக்குத் தெரியவருகின்றன. அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. கீர்த்தனையின் சாகித்தியத்தில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தன என்பது ஒன்று. கதை சேக்கிழார் சொன்ன வழியை விட்டு விலகிச் சென்றது என்பது மற்றொன்று. பிறகு ஒரு நாள், பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வாகப் படுத்திருந்த வேளையில், திண்ணையில் காத்திருந்த பாரதியார் பொழுதுபோக்காகத் தம் கீர்த்தனங்கள் சிலவற்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்க, அது காதில் விழுந்து எழுந்த பிள்ளையவர்கள், கேட்டபடியே கண்ணீர் பெருக நின்று, அதன்பின் தடை சொல்லாமல் பாயிரம் அளித்தார் என்பது அவ்வரலாறு.

இந்தச் சம்பவத்தைப் பக்தியின் பெருமைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பால் செல்வதே வழக்கமாக இருந்துவருகிறது. எனக்கோ இதில் ஒரு கடினமான கேள்வி அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அந்தக் கண்ணீருக்குப் பிறகும் இலக்கண வழு வழுவாகவே இருந்தது. பெரியபுராணத்தோடு மாறுபட்ட கதை மாறுபட்டதாகவே இருந்தது. தமக்கு முன்னிருந்த நூல் எந்தெந்த இடத்தில் பிழையுடையது என்பதைத் தமிழுலகில் வேறெவரைக் காட்டிலும் நன்றாக அறிந்த ஒருவர், அந்த அறிவு ஒரு சிறிதும் குறையாமல் இருக்கும்போதே, இது மெய் என்று உள்ளத்தால் ஒப்புக்கொண்டார். அவர் எதை மெய்யென்று கொண்டார்? ஒரு பாட்டைக் கேட்கும்போது, இதில் உள்ள உணர்ச்சி பொய்யன்று என்று நம்மைக் கொள்ளச் செய்வது யாது? பாடுபவருடைய சொந்த அனுபவமா, பாட்டை இயற்றியவருடைய சத்தியமா, ராகத்தின் சக்தியா, அன்றி வேறொன்றா? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதுவே.

முதலில் இயற்றியவரை எடுத்துக்கொள்வோம். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாராகிய நந்தன் ஆதனூர்ப் புலைச்சேரியில் பிறந்தவர். சிவாலயங்களில் முழங்கும் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர். கோயிலுக்குள் எழும் இசைக்கெல்லாம் தோலும் நரம்பும் தந்தவர் அவ்விசையை மதிலுக்கு வெளியே நின்று கேட்கவேண்டியிருந்தது என்னும் அந்தச் செய்தியைச் சேக்கிழார் ஒரு புலம்பலும் இல்லாமல் அமைதியாகச் சொல்லிச் செல்கிறார். அவருடைய புராணத்தில் ஆண்டையாகிய வேதியர் இல்லை. நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் பயிர்செய்து முடித்தால் சிதம்பரம் போகலாம் என்ற நிபந்தனையும் இல்லை. இவ்விரண்டும் கோபாலகிருஷ்ண பாரதியாருடைய கற்பனை. பாரதியாரோ அந்தணர், நந்தன் பட்ட இழிவில் ஒரு துளியையும் பிறப்பினால் அனுபவித்தறியாதவர். ஆயினும் கேட்டோர் நெஞ்சைப் பல தலைமுறைகளாக உருக்கியவை, சேக்கிழாரிடத்தில் உள்ள செய்திகளைக் காட்டிலும், வேதியர் மறுப்பதும் நந்தன் மன்றாடுவதுமாகிய அந்தக் கற்பனைப் பகுதிகளே. சரித்திர உண்மையும் ஆசிரியனுடைய சுயானுபவமும் இல்லாத இடத்தில்தான் கேட்போர் மெய்யைக் கண்டார்கள் என்றால், மெய்ம்மையின் ஊற்றை இயற்றியவருடைய வாழ்க்கையில் தேடுவது வீண் வேலையாகும்.

பாடுபவருடைய வாழ்க்கையில் தேடலாமா? இதற்கு நம் நாட்டில் கே.பி. சுந்தராம்பாளைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் கிடையாது. ரயிலில் பாடிப் பிழைத்த ஏழைச் சிறுமியாக வாழ்க்கையைத் தொடங்கி நாடக மேடையின் சிகரத்தை எட்டிய அவர், 1933 டிசம்பரில் தம் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவை இழந்தார், அன்று முதல் வெண்ணிற ஆடையே உடுத்தினார், ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். அவ்விரதத்துக்கு இடையூறில்லாதபடி நந்தனாராகவே வேஷம் தரித்து அவர் நடித்த படம் 1935இல் வெளிவந்தது. அதற்காக அவருக்கு அளிக்கப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தில் எவரும் கேட்டறியாத தொகை. மேல்ஸ்தாயியில் நின்று, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பழகிய அந்தக் குரலைக் கேட்டவர்கள், அதில் கிட்டப்பாவை இழந்த பெண்ணின் துயரத்தைக் கேட்டார்கள் என்பதில் ஐயமில்லை. கேட்போருக்குத் தெரிந்திருந்த அந்தச் சோகச் செய்தி பாட்டுக்கு ஒரு வியாக்கியானமாக நின்று உதவியது. ஆனால் வியாக்கியானம் மூலமாகிவிடாது. வாழ்க்கைத் துயரம் ஒன்றே போதுமானதாக இருந்திருந்தால் அந்தப் படம் நந்தன் கதைக்கு நிலையான உருவமாக அமைந்திருக்க வேண்டும்; அதன் மேலோ அன்றே கடுமையான விமரிசனங்கள் எழுந்தன. 1942இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த நந்தனாரில் தோன்றிய தண்டபாணி தேசிகர், அப்படிப்பட்ட வாழ்க்கைக் கதை ஒன்றும் தம்மைச் சூழ்ந்திராமல், தேவாரப் பயிற்சியும் சொல்லைச் சிதைக்காத உச்சரிப்புமே மூலதனமாகக் கொண்டு பாடி, நந்தன் என்றால் அவரே என்று நெடுங்காலம் மக்கள் நினைக்கும்படி செய்தார். இதனால் சுந்தராம்பாளின் பெருமை குறைந்துவிடாது. பிற்காலத்தில் ஔவையாராக அவர் பாடியபோது கேட்டவர்கள், கிட்டப்பாவின் பெயரையே அறியாத இளைஞர்களாக இருந்தும், அக்குரலை நம்பினார்கள் அல்லவா? அந்த நம்பிக்கை வாழ்க்கைச் சரித்திரத்தின் தயவில் வந்ததன்று என்பதே என் கருத்து.

இங்கே ஆலங்காரிகர்கள் சொன்னதைச் சற்று நினைவுகூர்வது பயன் தரும். காசுமீரத்து ஆசாரியர்களுள் பட்டலோல்லடர், ரஸம் என்பது முதலில் கதாபாத்திரத்திடம் இருப்பதென்றும் நடன் அதனைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளுகிறான் என்றும் கூறினார். சங்குகர் அதை மறுத்து, சித்திரத்தில் எழுதிய குதிரையைக் காண்பவன் அதனை உண்மைக் குதிரை என்றும் கொள்ளுவதில்லை, பொய்க் குதிரை என்றும் தள்ளுவதில்லை, அதுபோன்ற ஒரு தனிப்பட்ட அறிவினால் நடனிடத்தில் பாவம் அனுமானிக்கப்படுகிறது என்றார். பட்டநாயகர் அதற்கும் மேலே சென்று, காவியத்தின் சக்தியினால் பாவமானது இன்னாருடையது என்ற எல்லையை இழந்து பொதுமையாகிவிடுகிறது என்று நிலைநாட்டினார். இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த அபிநவகுப்தர், வால்மீகி முனிவரின் சோகமே சுலோகமாயிற்று என்னும் புகழ்பெற்ற இடத்துக்கு உரை காணும்போது சொல்லும் ஒரு வார்த்தை நம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடியானது: அந்தச் சோகத்தை முனிவருடைய சொந்தச் சோகம் என்று கருதலாகாது, அவ்வாறாயின் துக்கத்தில் அமிழ்ந்தவருக்குக் கவிபாட அவகாசமே இராது என்பது அவர் கருத்து. தொண்டை அடைத்துக்கொண்டவனால் சுருதி பிடிக்க முடியாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதும் இதுவே.

தமிழ் மரபில் இதற்கு இன்னும் நெருக்கமான ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக எட்டையும் மெய்ப்பாடு என்றார். அச்சமுற்றவன் ஒருவனிடத்தில் நிகழும் அச்சம், அவன் மெய்யின் வழியே வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாகும் தன்மையே மெய்ப்பாடு என்று இளம்பூரணர் விளக்குவார். காண்போர் இல்லையேல் மெய்ப்பாடு என்ற பெயருக்கே இடமில்லை என்பது இதனால் பெறப்படும். அழுகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. நந்தன் கதையில் தலைமை பெற்று நிற்பது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். பேராசிரியரோ அழுகை இருவகைப்படும் என்கிறார்: தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலித்தல் ஒன்று. பின்னதைக் கருணை என்று பிரித்துச் சுவையை ஒன்பதாக எண்ணுவாரும் உளர் என்று குறிப்பிடும் அவ்வுரையாசிரியர், நூலாசிரியர் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியதை நமக்கு நினைவூட்டுகிறார். இந்த ஒருசொல் வழக்கு தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. தன் துயரும் பிறர் துயரும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றனவோ அங்கேதான் பாட்டு மெய்யாகிறது என்பதை நான் என் வாழ்க்கையில் ஒரு முறை மிக அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் என் பெரியம்மா காலமானபோது, ஒப்பாரி சொல்வதில் பெயர்பெற்ற முதியவள் ஒருத்தியைப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்துவந்திருந்தார்கள். அவள் வந்தவுடன் அழத் தொடங்கவில்லை. வாசலில் நின்று, இறந்தவருக்குப் பிள்ளைகள் எத்தனை, மூத்தது எது, தாலியோடு போனாளா, பிறந்த வீட்டில் கூடப் பிறந்தவர் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பின்பு உள்ளே சென்று, வட்டமாக அமர்ந்திருந்த பெண்களின் நடுவே இடம்பிடித்து, பக்கத்தில் இருந்தவளின் தோளில் கைபோட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். முதல் கால்மணி நேரம் அவள் கண்களில் நீர் இல்லை. ஒவ்வொரு ஒப்பும் ஒரே அளவான மூச்சில் முடிந்தது. முடியும் இடத்தில் குரலைக் கீழே இறக்கி, ஒரு கணம் நிறுத்தி, மற்றப் பெண்கள் ஏங்கி எடுப்பதற்கு இடம் விட்டாள். தண்ணீர் சேந்தப் போன இடத்தில் குடம் கிணற்றோடு போய்க் கயிறு மட்டும் கைக்கு வந்ததுபோல என்ற பொருளில் அவள் ஓர் ஒப்புச் சொன்னபோது, அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல், வந்தவர்களுக்குப் பாய் போடுவதும் பந்தற்காரனுக்குப் பதில் சொல்வதுமாக இருந்த என் அண்ணி, பெரியம்மாவின் மருமகள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவளை நெடுநேரம் தேற்ற முடியவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து பல நாள் சென்றபின் அதைப்பற்றி அவளிடம் கேட்டேன். “அந்தக் கயிறுன்னு சொன்னதும் எங்க அம்மா நெனப்பு வந்துட்டுது தம்பி. அவங்க போனப்ப நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டுதே” என்றாள். மாமியாருக்காக அவள் அழவில்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்பது முறையுமன்று. ஆனால் ஒரு விஷயம் எனக்கு அன்றே தெளிவாயிற்று. கூலி வாங்கிக்கொண்டு, தனக்கு முன்பின் தெரியாத ஒருத்தியின் பிணத்தருகே அமர்ந்து, நூறு வீடுகளில் சொன்ன அதே ஒப்பை நூற்றோராவது முறையாகச் சொன்ன ஒரு கிழவியின் பாட்டு, அந்த வீட்டில் எல்லாவற்றையும்விட மெய்யாக இருந்தது. முடித்தபின் அவள் கால் கழுவிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு புறப்பட்டாள். அதனால் பாட்டில் இருந்த மெய் பின்னோக்கிப் பொய்யாகிவிடவில்லை.

இங்கே நம் மொழியே ஓர் ஆட்சேபத்தை எழுப்புகிறது. மனம் ஒட்டாமல் செய்யும் வேலையை நாம் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்கிறோமே, வாடகைத் துக்கத்தை நம் முன்னோர் நம்பவில்லை என்பதற்கு அது சாட்சியன்றோ என்று கேட்கலாம். அந்த வழக்கை உற்று நோக்கினால் அது பழிப்பது மாரடிப்பதையே என்பது விளங்கும். மாரடித்தல் என்பது துக்கத்தின் குறி. அதற்குள் நாம் புகுவதற்கு வாசல் கிடையாது. அதைக் கண்டு வலிக்கிறதா இல்லையா என்று மட்டுமே நாம் யோசிக்கலாம். ஒப்பாரியைப் பழித்து அப்படி ஒரு வழக்குப் பிறக்கவில்லை. ஒப்பாரி என்ற பெயருக்குள்ளேயே ஒப்பு நிற்கிறது. கிராமத்தில் ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்றே சொல்வார்கள். இறந்தவளை நேரே பெயர் சொல்லிப் புலம்பாமல் இன்னது போல, இன்னது போல என்று உவமைகளை அடுக்குவதனால், அந்த உவமை ஒரு பொதுப் பாத்திரம் ஆகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருத்தியும் தன்தன் துக்கத்தை அதில் வார்த்துக்கொள்ளலாம். பட்டநாயகர் பொதுமையாக்கம் என்று சாஸ்திரமாகச் சொன்னதை எழுத்தறியாத பெண்கள் பெயராகவே வைத்து வழங்கியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் அபிநவகுப்தரோடு நான் பணிவாக மாறுபட வேண்டியிருக்கிறது. ரஸானுபவத்துக்கு நேரும் இடையூறுகள் ஏழு என்று எண்ணும் அவர், கேட்பவன் தன் சொந்தச் சுகதுக்கங்களில் அகப்பட்டுக்கொள்ளுவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். தன் வழக்கு என்ன ஆகுமோ என்ற கவலையோடு கச்சேரிக்குப் போய் உட்கார்ந்திருப்பவனைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் என் அண்ணியின் சொந்தத் துக்கம் பாட்டைக் கேட்கவொட்டாமல் தடுக்கவில்லை. பாட்டுத்தான் அந்தத் துக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆண்டுக்கணக்காக வடிவம் பெறாமல் அவள் உள்ளத்தில் கிடந்த ஒன்றுக்குக் கிணறும் கயிறுமாக ஒரு வடிவம் கிடைத்தது. சொந்த நினைவு பாட்டைவிட்டு வெளியே இழுத்தால் அது இடையூறு. பாட்டின் வழியாகவே வந்து பாட்டுக்குள்ளேயே தங்கினால் அதுவே மெய்ம்மை. காவியப் பயிற்சியால் துலக்கப்பட்ட மனக்கண்ணாடியை உடையவனே ஸஹ்ருதயன் என்று அவர் வரையறுத்ததும் எனக்குச் சற்றுக் குறுகலாகவே படுகிறது. வாழ்க்கையும் அந்தக் கண்ணாடியைத் துலக்குகிறது.

அப்படியானால் எந்தப் பாட்டும் எவரையும் தொட்டுவிடுமா? தொடாது. கேட்பவனுக்கு இடம் விடுவது என்பது ஒரு தொழில். அத்தொழிலின் நுட்பத்தைப் பார்க்க மீண்டும் நந்தனிடம் வருவோம். தில்லைக் கூத்தனைக் காணும் வேட்கையோடு வெளியே நிற்கும் நந்தன், அருகே வரலாமா என்று கேட்பதாக அமைந்த ‘வருகலாமோ’ என்ற கீர்த்தனம் மாஞ்சி ராகத்தில் வழங்கிவருகிறது. வரலாமோ என்பதே நாம் எதிர்பார்க்கும் வடிவம். பிள்ளையவர்கள் போன்ற ஒரு புலவருக்குக் காதில் உறுத்தக்கூடிய வடிவம் ‘வருகலாமோ’. ஆனால் பாடிப் பார்த்தால், நடுவில் நுழைந்த அந்தக் ககரம், காலை முன்னே வைத்துப் பின்னே எடுப்பவனுடைய தயக்கத்துக்கு ஓர் அசையளவு இடம் தருவதை உணரலாம். அதைக்காட்டிலும் முக்கியமானது இறுதியில் நிற்கும் ஓகாரம். தமிழில் வினாவுக்கு ஆகாரமும் உண்டு, ஓகாரமும் உண்டு. ‘வரலாமா’ என்பவன் விடையை எதிர்பார்த்து நிற்கிறான். ‘வரலாமோ’ என்பவன் விடை என்னவாக இருக்கும் என்பதை அறிந்துகொண்டே, கேளாதிருக்க முடியாமல் கேட்கிறான். ஐயமும் இரக்கமும் பொருந்திய அந்த நெட்டெழுத்து, பேச்சிலேயே இயல்பாக நீள்வது. விளம்ப காலத்தில் அது நீளும்போது ராகம் புதிதாக ஒன்றையும் அதன்மேல் ஏற்றவில்லை, பேச்சில் அடங்கிக் கிடந்ததை விரித்துக் காட்டுகிறது. மாஞ்சியோ பைரவிக்கு மிக அருகில் நிற்கும் ராகம். பைரவியின் கம்பீரமான சஞ்சாரங்களுக்கு இடங்கொடாமல், தளர்ந்த நடையில், ஒவ்வொரு ஸ்வரத்திலும் சற்றுத் தங்கித் தங்கிச் செல்வது. வேகமான பிருகாக்களை அதில் கொட்டினால் ராகமும் கெடும், நந்தனும் மறைந்துபோவான்.

ராகத்துக்கே பாவம் கட்டுப்பட்டது என்போருக்கு ஒரு வார்த்தை. முகாரி என்றால் அழுகை என்று உலகம் முடிவு கட்டிவிட்டது; ஒருவன் ஓயாமல் குறை சொன்னால் ‘முகாரி பாடாதே’ என்கிறோம். ஆனால் சபரி பெற்ற பாக்கியத்தை எண்ணி வியந்து தியாகராஜ சுவாமிகள் செய்த கிருதி முகாரியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எவரும் துக்கப்பட்டதில்லை. ராகம் நிலம் போன்றது. அதில் எதை விதைப்பதென்பதைப் பாட்டின் சொல்லும் சந்தர்ப்பமுமே தீர்மானிக்கின்றன.

மெட்டு ஒன்றே ஒரு சந்தர்ப்பத்தைத் தன்னுள் சுமந்து செல்லக்கூடும் என்பதற்கும் நந்தன் சரித்திரத்திலிருந்தே அழகான சான்று உண்டு. சிதம்பரம் போக அனுமதி கேட்ட நந்தனை வேதியர் சீறிக் கண்டிக்கும் பாட்டின் வர்ணமெட்டை எடுத்து, சுயராஜ்யம் வேண்டுமென்ற பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் கூறுவதாகச் சுப்பிரமணிய பாரதியார் ‘தொண்டு செய்யும் அடிமை’ என்ற பாட்டை இயற்றினார். கதாகாலட்சேபங்களிலும் பஜனைகளிலும் நந்தன் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், அந்த மெட்டின் முதல் ஆவர்த்தம் காதில் விழுந்த மாத்திரத்தில், பேசுகிறவன் ஆண்டை, கேட்கிறவன் அடிமை என்று அறிந்துகொண்டார்கள். ஆங்கிலேயனுடைய கர்வத்தை விளக்கப் புலவருக்கு ஒரு சொல்லும் அதிகப்படியாகத் தேவைப்படவில்லை. அதோடு, பிறன் ஒருவனுக்காக அதுவரை கண்ணீர்விட்டவர்கள், அந்தப் பிறன் நாமே என்று ஒரு கணத்தில் கண்டுகொண்டார்கள். அண்ணிக்குக் கயிறு என்ன செய்ததோ அதையே ஒரு தேசத்துக்கு இந்த மெட்டுச் செய்தது.

சொல் விளங்கவேண்டுமா என்ற விவாதம் இதனோடு சேர்ந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாட்டையும், 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தையும் ஒட்டி எழுந்த பூசலில், நாதமே பிரதானம், சாகித்தியம் எந்த மொழியில் இருந்தாலென்ன என்று ஒரு சாராரும், விளங்காத சொல்லைக் கேட்டு உருகுவது எவ்வாறு என்று மறு சாராரும் வாதித்தார்கள். நான் பின்னவர் பக்கமே நிற்பவன். விளங்காத மொழிப் பாட்டும் நம்மை ஆனந்தப்படுத்தும்; நாகசுரத்துக்குச் சொல்லே இல்லை. ஆனால் வியப்பும் ஆனந்தமும் வேறு. இது என் வீட்டில் நடந்தது என்ற துணுக்குறல் வேறு. அந்தத் துணுக்குறல் ஓர் ஓகாரத்தில் நிகழ்கிறது, ஒரு கயிற்றில் நிகழ்கிறது. தாய் பேசிய மொழியின் தொனி காதில் ஊறியிராதவனுக்கு அது நிகழ்வது அரிது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குத் தியாகராஜரிடம் நிகழ்வது நமக்கு முழுமையும் நிகழ்வதில்லை என்று ஒப்புக்கொள்வதில் அந்த மகானுக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

இனி, இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் வேதனை தரும் பகுதி. பாட்டின் மெய்ம்மை கேட்பவனுக்கு இடம் விடுவதில் இருக்கிறது என்றால், கேட்பவன் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டு, யாரைப்பற்றிப் பாட்டோ அவனையே மறந்துவிடவும் கூடும். நந்தன் சரித்திரம் அச்சேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து, அக்கிரகாரத்துத் திண்ணைகளிலும் மிராசுதார் வீட்டுக் கலியாணப் பந்தல்களிலும் அதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர்கள் கணக்கற்றவர்கள். ஆனால் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அரிஜனங்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்துவைத்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். இடையில் எத்தனை தலைமுறைகள் அந்த ஓகாரத்தைக் கேட்டு உருகிவிட்டு, தம் ஊர்க் கோயில் வாசலில் அதே கேள்வியோடு நின்றவனைப் பாராமல் வீட்டுக்குப் போயின! கதையின் போக்கும் இதற்குத் துணை செய்தது என்று சொல்லத்தான் வேண்டும். வயல் ஓரிரவில் விளைந்ததைக் கண்டு வேதியர் மனம் மாறி நந்தன் காலில் விழுகிறார். அந்தக் காட்சியோடு கேட்பவர் மனத்தின் உறுத்தலும் ஆறிவிடுகிறது. நந்தன் தீக்குள் புகுந்துதான் உள்ளே போக முடிந்தது என்பது, அழுது தீர்த்த நெஞ்சுக்கு அவ்வளவாகச் சுடுவதில்லை.

இதிலிருந்து அந்தக் கண்ணீர் பொய் என்று முடிவு கட்டுவாரும் இருக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வடித்த கண்ணீர் பொய்யாக இருக்க முடியாது. தமிழையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த அந்தப் புலவர், உள்ளே வரலாமோ என்று ஒருவன் கேட்கும் குரலில் தமக்குரிய எதைக் கேட்டாரோ நாம் அறியோம். உணர்ச்சி மெய்யாகப் படுவது வேறு. அவ்வுணர்ச்சிக்குப் பொருளான அநீதியைக் கேட்பவன் அறிந்துகொண்டான் என்பது வேறு. முன்னதைப் பின்னதற்குச் சாட்சியாக நிறுத்துவது, பாட்டை அதிகமாக நம்புகிற பிழை. பின்னது இல்லாமையால் முன்னதை மறுப்பது, பாட்டைக் குறைவாக மதிக்கிற பிழை. எத்தனையோ நல்ல விமரிசகர்கள் இவ்விரண்டில் ஒன்றில் விழுந்திருக்கிறார்கள்.

இத்துறையில் செய்யவேண்டிய வேலை மிகுதியாக இருக்கிறது. ஒப்பாரிகளைக் கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்து அச்சிட்ட அன்பர்களுக்குத் தமிழுலகம் என்றும் கடமைப்பட்டது. ஆனால் நான் கண்ட தொகுப்புகளில் சொல்லும் ஊரும் இருக்கின்றனவே அன்றி, எந்த ஒப்பில் குரல் இறங்கியது, எங்கே நிறுத்தினாள், சுற்றியிருந்தவர்களில் எவர் எந்த இடத்தில் உடைந்தார், அவர் நினைத்துக்கொண்டது யாரை என்ற குறிப்புகள் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். இனிச் சேகரிக்கப் புறப்படும் மாணவர்கள், பாடுகிறவளின் அருகில் மட்டும் அமராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவளிடமும், சில நாள் பொறுத்து, பக்குவமாக, அவள் கேட்டது என்னவென்று விசாரித்து எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.